ஹோம் இன்ஸ்பெக்ஷன்: அமெரிக்காவுல எவ்ளோ ஆகும், எதுக்கு அந்தக் காசு, யாரைக் கூப்பிடணும்

மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2025 அக்டோபர் 15-லருந்து ஒரு புது விதி அமலுக்கு வந்திருக்கு. "இன்ஸ்பெக்ஷன் வேணாம்னு எழுதிக் குடுத்தாதான் உங்க ஆஃபரை எடுத்துப்பேன்"னு வீடு விக்கிறவங்க இனிமே நிபந்தனை போடக்கூடாது, அது மட்டுமில்லாம வாங்குறவரே முந்திக்கிட்டு "எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேணாம்"னு சொல்லி ஆஃபர் போட்டாலும் அதை ஏத்துக்கக்கூடாது. ஏலத்துல விக்கிறது, குடும்பத்துக்குள்ள கைமாறுறதுன்னு சில விலக்கு உண்டு.

இதைப் படிச்சவங்க நிறைய பேர் இன்ஸ்பெக்ஷன் கட்டாயம் ஆயிடுச்சுன்னும், கவர்மென்ட் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்னும் நினைச்சுக்கிறாங்க. ரெண்டுமே கிடையாது. வாங்குறவருக்கு வீட்டைச் செக் பண்ணிப் பார்க்க வாய்ப்பு இருக்கணும், அதைப் பிடுங்கக்கூடாது, அவ்ளோதான் விதி. ஆஃபர் ஏத்துக்கிட்ட பிறகு அவரே இன்ஸ்பெக்ஷன் பண்ணாம விட்டா அது அவர் இஷ்டம்.

இந்த விதி எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க 2020, 2021, 2022 வருஷங்களைத்தான் பார்க்கணும். 2020, 2021-ல 30 வருஷ லோன் வட்டி 3 சதவீதத்துக்கும் கீழ போச்சு, விக்கிறதுக்கு வீடு கம்மி, வாங்க வர்ற கூட்டம் அதிகம், ஒரு வீட்டுக்கு பத்து இருபது ஆஃபர்னு போட்டி. அதுல ஜெயிக்கணும்னு கேட்ட விலைக்கு மேல குடுத்தது மட்டுமில்லாம இன்ஸ்பெக்ஷனையும் விட்டுக்குடுத்தாங்க. நம்ம ஊர்க்காரங்களும் நிறைய பேர் அப்படித்தான் வாங்குனாங்க. அந்தப் பழக்கம் சில ஊர்ல இன்னும் போகல, "இன்ஸ்பெக்ஷன்லாம் சும்மா ஃபார்மாலிட்டி, 500 டாலர் வேஸ்ட்"ங்கிற பேச்சும் போகல. அதனால அடிப்படையிலிருந்தே பார்த்துடலாம்.

ஹோம் இன்ஸ்பெக்ஷன்னா என்ன

வீடு வாங்குறப்ப மூணு பேர் வந்து பார்ப்பாங்க, மூணும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறதுலதான் பாதி குழப்பமே.

1. அப்ரைசர். இவர் பேங்குக்காக வர்றவர். குடுக்கிற லோனுக்கு வீடு மதிப்புள்ளதான்னு பார்ப்பார். காசு நம்ம கட்டினாலும் அவர் வேலை பேங்குக்குத்தான். அட்டிக்குக்குள்ள (கூரைக்கு அடியில இருக்கிற பரண் மாதிரி இடம்) ஏறி ஏசி காத்து போற டக்ட் கிழிஞ்சிருக்கான்னு பார்க்கிறது அவர் வேலை இல்ல. எஃப்ஹெச்ஏ லோன், அதாவது மத்திய அரசு இன்சூர் பண்ற வீட்டு லோன், வாங்குறவங்களுக்கு "உங்க பாதுகாப்புக்கு இன்ஸ்பெக்ஷன் பண்ணிக்கோங்க"ன்னு மத்திய அரசோட வீட்டுவசதித் துறையே தனியா ஒரு ஃபார்ம் குடுக்குது, அப்ரைசல் வேற இன்ஸ்பெக்ஷன் வேறன்னு அதுலயே தெளிவா போட்டிருக்கு.

2. சிட்டி இன்ஸ்பெக்டர். புது வீடு கட்டும்போது கட்டிட விதிப்படி இருக்கான்னு பார்க்கிறவர். ஒரு நாளைக்கு நிறைய வீடு பார்க்கணும், ஒரு வீட்டுல நிக்கிற நேரம் ரொம்ப கம்மி.

3. ஹோம் இன்ஸ்பெக்டர். நம்ம கூப்பிட்டு, நம்ம காசு குடுத்து, நமக்காக ரிப்போர்ட் எழுதுறவர் இவர் ஒருத்தர்தான்.

இவர் பண்றது கண்ணால பார்க்கிற சோதனை. சுவத்தை உடைக்க மாட்டார், கார்ப்பெட்டைக் கிழிக்க மாட்டார், பீரோவை நகர்த்த மாட்டார். கூரை, ஃபவுண்டேஷன், அட்டிக், எலக்ட்ரிக் பேனல், பிளம்பிங், ஏசி, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், ஜன்னல், கதவு, வெளியே தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுங்கிறது வரைக்கும் எல்லாத்தையும் பார்ப்பார், ஓட்டிப் பார்ப்பார், போட்டோ எடுப்பார். மாஸ்டர் ஹெல்த் செக்கப் மாதிரின்னு வெச்சுக்கோங்க, எங்க சந்தேகம் இருக்குன்னு சொல்லுவார், அதுக்கு மேல ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகணும்.

சொல்லாத விஷயங்களும் உண்டு. வீட்டை வாங்கலாமா வேணாமான்னு சொல்ல மாட்டார், விலை நியாயமான்னு சொல்ல மாட்டார். குளிர்காலத்துல வெளி வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ இருந்தா பொதுவா ஏசியை ஓட்டிப் பார்க்க மாட்டாங்க, கம்ப்ரெசர் கெட்டுடும்னு. ஜனவரியில வீடு வாங்குறவங்க ரிப்போர்ட்ல ஏசி பக்கத்துல "சோதிக்கப்படவில்லை"ன்னு வந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்கக்கூடாது. கேஸ் கனெக்ஷன் ஆஃப் ஆகி இருந்தாலும் அதே கதைதான், ஹீட்டர்ல இருக்கிற சின்ன பைலட் தீயை அவரா பத்த வைக்க மாட்டார். அதனால இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு கரண்ட், தண்ணி, கேஸ் மூணும் ஓடணும்னு ஏஜென்ட்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. டெக்சாஸ்ல இதை ஆன் பண்ணி வைக்க வேண்டியது விக்கிறவர் பொறுப்புன்னு மாநில ஒப்பந்தப் பத்திரத்துலயே இருக்கு.

எவ்ளோ ஆகும்

ஊருக்கு ஊர் மாறும். சாதாரண தனி வீட்டுக்கு பெரும்பாலான இடத்துல 350-லருந்து 600 டாலர் வரைக்கும் ஆகும். காண்டோன்னா, அதாவது அபார்ட்மென்ட் மாதிரி வீடுன்னா, கொஞ்சம் கம்மி, ஏன்னா கூரையும் வெளிச்சுவரும் அசோசியேஷனோடது, உள்ள மட்டும் பார்த்தா போதும். 4,000 சதுர அடி, ரெண்டு ஏசி, நீச்சல் குளம்னு போனா 800 டாலரைத் தாண்டுறது சகஜம். வீட்டோட வயசும் கணக்குல வரும், 1950-கள்ல கட்டின வீட்டுக்கு அடியில க்ரால் ஸ்பேஸ்ங்கிற குட்டையான இடைவெளி இருந்தா இன்ஸ்பெக்டர் அதுக்குள்ள தவழ்ந்து போய்ப் பார்க்கணும், அதுக்கு நேரம் ஆகும்.

இதுக்கு மேல தனித்தனியா காசு கட்டிப் பண்ற டெஸ்ட்டுகள் இருக்கு. எல்லாருக்கும் எல்லாமும் தேவையில்ல, வீடு எந்த ஊர்ல இருக்கு, எந்த வருஷம் கட்டினதுன்னு பார்த்து முடிவு பண்ணணும்.

1. கரையான். 75-லருந்து 200 டாலர். டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா மாதிரி சூடான மாநிலத்துல இதை விடவே கூடாது.

2. ரேடான். மண்ணுல இருக்கிற யுரேனியம் சிதைஞ்சு வர்ற வாயு, நிறமோ வாசனையோ கிடையாது. அமெரிக்காவுல வருஷத்துக்கு சுமார் 21,000 பேர் ரேடானால வர்ற நுரையீரல் புற்றுநோய்ல சாகுறாங்கன்னு சுற்றுச்சூழல் ஏஜென்சி இபிஏ கணக்கு சொல்லுது, சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். காத்துல லிட்டருக்கு 4 பிக்கோக்யூரி (கதிரியக்கத்தை அளக்கிற அலகு) அல்லது அதுக்கு மேல இருந்தா சரி பண்ணச் சொல்றாங்க. டெஸ்ட் குறைஞ்சது 48 மணி நேரம் ஓடணும், அதுக்கு 12 மணி நேரம் முன்னாடியே ஜன்னல் கதவெல்லாம் மூடி வைக்கணும். 125-லருந்து 250 டாலர். பென்சில்வேனியா, இல்லினாய், ஒஹையோ, கொலராடோ பக்கம், முக்கியமா பேஸ்மென்ட் இருக்கிற வீடுன்னா, யோசிக்காம பண்ணிடுங்க. அதிகமா வந்தாலும் பயப்பட வேணாம், குழாயும் ஃபேனும் வெச்சு வாயுவை வெளியே தள்ளிடலாம், பெரும்பாலும் ஒண்ணு ரெண்டாயிரம் டாலர்ல முடிஞ்சிடும்.

3. சூவர் ஸ்கோப். வீட்டுலருந்து தெருவுக்குப் போற கழிவுநீர்க் குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறது. 150-லருந்து 350 டாலர். பழைய வீட்டுல இந்தக் குழாய் சுட்ட மண்ணுலயோ வார்ப்பிரும்புலயோ இருக்கும், மரத்தோட வேர் உள்ள பூந்திருக்கும், சில இடத்துல நடுவுல தொய்ஞ்சு போய் தண்ணி தேங்கி நிக்கும். மாத்தணும்னா பல ஆயிரம் டாலர், குழாய் தெருவுக்கு அடியில போனா இன்னும் ஏறும். பெரும்பாலான ஊர்ல இது வீட்டுக்காரர் தலையிலதான். சாதாரண இன்ஸ்பெக்ஷன்ல குழாயைத் திறந்து தண்ணி போகுதான்னுதான் பார்ப்பாங்க, அஞ்சு நிமிஷம் விட்ட தண்ணி எந்தக் குழாயிலயும் போயிடும். 30 வருஷத்துக்கு மேல ஆன வீடுன்னா எக்ஸ்ட்ராக்கள்ல முதல்ல பண்ண வேண்டியது இதுன்னு நான் சொல்லுவேன்.

4. பூமிக்கடியில எண்ணெய் டேங்க். நியூ ஜெர்சில பழைய வீடு வாங்குறவங்க கட்டாயம் கேட்கணும். ஒரு காலத்துல ஹீட்டிங்குக்கு எண்ணெய் வெச்சிருந்த டேங்க்கை அப்படியே புதைச்சு விட்டிருப்பாங்க. அது கசிஞ்சு மண்ணு கெட்டுப் போயிருந்தா சுத்தம் பண்ற செலவு இப்ப வீடு யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான் வந்து நிக்கும், அது பல பத்தாயிரம் டாலர் வரைக்கும் போகலாம். கண்டுபிடிக்கிற டெஸ்ட்டுக்கு சில நூறு டாலர்தான்.

5. ஸ்ட்ரக்ச்சுரல் இன்ஜினியர். எல்லாருக்கும் வேணாம். டல்லாஸ் சுத்துவட்டாரத்துல, அதாவது ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, இர்விங் பக்கம் களிமண், மழைக்கு உப்பும் வெயிலுக்குச் சுருங்கும், மேல இருக்கிற கான்க்ரீட் ஸ்லாப் அதோட சேர்ந்து அசையும். கதவு மேல மூலையில சாய்வா விரிசல், கதவு சரியா மூடாம உரசுறது, செங்கல்ல படிக்கட்டு மாதிரி வெடிப்புன்னு இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தா அப்ப இன்ஜினியரைக் கூப்பிடணும். ஃபவுண்டேஷன் ரிப்பேர் கம்பெனி இலவசமா வந்து பார்க்கிறேன்னு சொல்லும், ஆனா அவங்க பியர் (வீட்டுக்கு அடியில தாங்குற தூண்) போட்டு சம்பாதிக்கிறவங்க, தேவையா இல்லையான்னு அவங்களே சொல்றது சரிப்படாது. அதுல லாபம் இல்லாத இன்ஜினியருக்கு 400, 600 டாலர் குடுத்துக் கேட்கிறதுதான் நல்லது.

1978-க்கு முன்னாடி கட்டின வீடுன்னா ஈயப் பெயின்ட் பத்தி விக்கிறவர் தெரிஞ்சதைச் சொல்லியே ஆகணும், அதை டெஸ்ட் பண்ண 10 நாள் அவகாசமும் மத்திய சட்டப்படி உண்டு. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல இதைச் சும்மா கையெழுத்துப் போட்டுத் தாண்டிடாதீங்க.

200 டாலருக்கும் 550 டாலருக்கும் என்ன வித்தியாசம்

ஒரு இன்ஸ்பெக்டருக்கு வீட்டுல மூணு மணி நேரம், ரிப்போர்ட் எழுத ரெண்டு மணி நேரம், போக வர ஒரு மணி நேரம் ஆகுது. இது போக இன்சூரன்ஸ், லைசென்ஸ், கருவி, வண்டி. இவ்ளோ நேரம் போட்டா ஒரு நாளைக்கு ரெண்டு வீட்டுக்கு மேல பார்க்க முடியாது. 200 டாலருக்கு வர்றவர் நாலு வீடு பார்த்தாதான் கட்டுப்படியாகும், அப்போ உங்க வீட்டுல ஒரு மணி நேரம் இருப்பார், அட்டிக்ல தலையை மட்டும் விட்டுப் பார்த்துட்டு இறங்கிடுவார். நம்ம விலை பேசுறது உண்மையில அவரோட நேரத்தைத்தான்.

கிட்ட இருந்து ஒரு உதாரணம் பார்க்கலாம். கூரையோட கீழ்முனை ஒரு பக்கச் சுவத்துல வந்து முட்டுற இடம் இருக்கும், கராஜ் கூரை ரெண்டாவது மாடிச் சுவத்தோட சேர்ற இடம் மாதிரி. அங்க மழைத்தண்ணியைச் சுவத்துலருந்து வெளியே தள்ளி கூரை ஓரத்துல தண்ணி ஓடுற கட்டருக்குள்ள விட ஒரு சின்ன மடிச்ச தகடு இருக்கணும், கிக்அவுட் ஃப்ளாஷிங்னு பேரு. தகடு விலை சில டாலர்தான். அது இல்லைன்னா ஒவ்வொரு மழைக்கும் தண்ணி சைடிங்குக்கு, அதாவது வெளிச்சுவத்து மேல இருக்கிற உறைக்கு, பின்னாடி இறங்கும், உள்ள இருக்கிற மரப்பலகை வருஷக்கணக்கா ஊறி மக்கும், வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். தெரிய வரும்போது சுவத்தையே பிரிச்சுக் கட்டணும். வீட்டைச் சுத்தி நிதானமா நடக்கிறவர் கண்ணுல அது இல்லாதது படும், ஈரம் பார்க்கிற மீட்டரை உள்பக்கச் சுவத்துல வெச்சுப் பார்ப்பார், அவசரத்துல இருக்கிறவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

ஒப்பந்தத்துல இருக்கிற ஒரு வரி

பெரும்பாலான இன்ஸ்பெக்ஷன் ஒப்பந்தத்துல "எங்க தவறால நஷ்டம் வந்தா எங்க பொறுப்பு நீங்க கட்டின ஃபீஸ் வரைக்கும்தான்"னு ஒரு வரி இருக்கும். 500 டாலர் கட்டினீங்க, அவர் கவனிக்காம விட்ட கூரைக்கு 18,000 டாலர் செலவாச்சுன்னா அந்த வரிப்படி உங்களுக்குத் திரும்ப வர்றது 500. இது செல்லுமா செல்லாதாங்கிறது மாநிலத்துக்கு மாநிலம் வேற. கலிஃபோர்னியாவுல பொறுப்பை ஃபீஸ் அளவுக்குக் குறைக்கிற வரி செல்லாதுன்னு சட்டமே சொல்லுது, வழக்குப் போட இன்ஸ்பெக்ஷன் தேதியிலருந்து 4 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. வேற பல மாநிலத்துல அந்த வரி நிக்கும்.

இதுல என்ன புரிஞ்சுக்கணும்னா, இன்ஸ்பெக்ஷன் ஒரு கேரண்டியோ இன்சூரன்ஸோ கிடையாது. நம்ம வாங்குறது தகவல், அந்தத் தகவலுக்கு எக்ஸ்பைரி டேட் இருக்கு. ஒப்பந்தத்துலருந்து பணம் பறிபோகாம வெளிய வர முடியுற அந்தச் சில நாளைக்குள்ள கைக்கு வந்தாதான் அதுக்கு மதிப்பு. அந்த நாள் தாண்டின பிறகு அதே ரிப்போர்ட் வெறும் ரிப்பேர் லிஸ்ட்தான்.

டெக்சாஸை எடுத்துக்கோங்க. அங்க "ஆப்ஷன் பீரியட்"னு ஒண்ணு உண்டு. சின்னதா ஒரு ஆப்ஷன் ஃபீ கட்டினா பேசி வெச்ச நாளுக்குள்ள, பொதுவா 5-லருந்து 10 நாள், காரணமே சொல்லாம விலகலாம், ஆப்ஷன் ஃபீ மட்டும் போகும், எர்னஸ்ட் மணிங்கிற முன்பணம் திரும்ப வந்துடும். சனி ஞாயிறும் கணக்குல சேரும், கடைசி நாள் சாயங்காலம் 5 மணியோட முடிஞ்சது. 7 நாள் ஆப்ஷன்ல இன்ஸ்பெக்டரைத் தேட ரெண்டு நாள், அவர் டேட் குடுக்க ரெண்டு நாள், ரிப்போர்ட் வர ஒரு நாள்னு போனா இன்ஜினியரைக் கூப்பிடவோ விலை பேசவோ நேரமே இருக்காது. விக்கிறவர் "யோசிச்சு சொல்றேன்"னு இழுத்தார்னா அஞ்சு மணிக்கு முன்னாடி எழுத்துல விலகல் நோட்டீஸ் குடுக்கணும், இல்லைன்னா கேட்ட ரிப்பேரும் வராது, விலகுற உரிமையும் போயிடும். அதனால இன்ஸ்பெக்டரை ஆஃபர் போடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கணும். இந்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்துப்பீங்கன்னா இதை எடுத்துக்கோங்க.

எப்படித் தேர்ந்தெடுக்கிறது

1. லைசென்ஸ். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள்ல ஏதோ ஒரு வகையில லைசென்ஸோ பதிவோ இருக்கு. டெக்சாஸ்ல டிரெக்ங்கிற மாநில ரியல் எஸ்டேட் கமிஷன், அவங்க வெப்சைட்ல பேரைப் போட்டுத் தேடினா லைசென்ஸ் உயிரோட இருக்கா, நடவடிக்கை ஏதாவது எடுத்திருக்காங்களான்னு தெரியும். நியூ ஜெர்சி, இல்லினாய், வாஷிங்டன், வட கரோலினாவுலயும் லைசென்ஸ் உண்டு. கலிஃபோர்னியா, மிச்சிகன், ஜார்ஜியா, கொலராடோ மாதிரி இடத்துல மாநில லைசென்ஸ் கிடையாது, அங்க யார் வேணும்னாலும் போர்டு மாட்டிக்கலாம், அதனால 1976-ல ஆரம்பிச்ச ஆஷி, இல்லைன்னா இன்டர்நாச்சி, இந்த ரெண்டு இன்ஸ்பெக்டர் சங்கத்துல ஒண்ணுல மெம்பரான்னு பார்க்கணும். லைசென்ஸும் மெம்பர்ஷிப்பும் அடிமட்டத் தகுதி மட்டும்தான், நல்ல இன்ஸ்பெக்டர்ங்கிறதுக்கு அத்தாட்சி இல்ல.

2. சாம்பிள் ரிப்போர்ட். போன் பண்ணின உடனே இதைத்தான் கேட்கணும். "கூரை பழசு, ரூஃபரைக் கூப்பிட்டுப் பாருங்க"ன்னு ஒரு வரியில முடிச்சிருந்தா அடுத்த ஆளைப் பாருங்க. "பின்பக்கக் கூரையில சிம்னிக்கு வலதுபுறம் ஃப்ளாஷிங் தூக்கிட்டு இருக்கு, அதுக்கு நேர் கீழ அட்டிக்ல பலகையில தண்ணி கறை, மீட்டர்ல ஈரம் காட்டுது, மழைக்காலத்துக்கு முன்னாடி ரூஃபர் சரி பண்ணணும்"னு போட்டோவோட இருந்தா அவர் வேலை பார்க்கிற ஆள். அறுபது பக்கம் இருக்கிறதால நல்ல ரிப்போர்ட்னு ஆயிடாது, பாதிப் பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவான பாடமா இருக்கும்.

3. யார் சொல்லி வர்றார். பெரும்பாலும் ஏஜென்ட்தான் மூணு பேர் பேர் குடுப்பார். ஏஜென்ட் எல்லாரும் தப்பானவங்கன்னு நான் சொல்லல, ஆனா டீல் முடிஞ்சாதான் ஏஜென்டுக்கு கமிஷன், ஏஜென்ட் அடுத்த தடவையும் கூப்பிட்டாதான் இன்ஸ்பெக்டருக்குத் தொழில், இந்த ஏற்பாட்டுல கடுமையா எழுதுறவருக்குக் கஷ்டம். இதை உணர்ந்துதான் மாசசூசெட்ஸ்ல, வாங்குறவருக்காக வேலை செய்ற ஏஜென்டைத் தவிர மத்த ஏஜென்டுகள் குறிப்பிட்ட ஒரு இன்ஸ்பெக்டரை நேரடியா சிபாரிசு பண்ணக்கூடாதுன்னு சட்டம் வெச்சிருக்காங்க. சமீபத்துல அதே ஏரியாவுல வீடு வாங்கின நண்பர்கள்கிட்ட கேளுங்க, "நல்லவர்"னு சொன்னா போதாது, அவர் எழுதின ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்க, அவர் விட்டுட்டு பிறகு தெரிஞ்ச பிரச்சனை ஏதாவது இருந்துச்சான்னும் கேளுங்க.

4. எவ்ளோ நேரம் இருப்பீங்க, அன்னிக்கு வேற எத்தனை வீடு, அட்டிக்குக்குள்ள போவீங்களா, கூரை மேல ஏறுவீங்களா ட்ரோனா, ரிப்போர்ட் எப்ப வரும். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவா பதில் சொல்றவரா இருக்கணும்.

5. நானும் கூட வரலாமான்னு கேளுங்க. வேணாம்னு சொன்னா அவர் வேணாம். குறைஞ்சது கடைசி ஒரு மணி நேரம் கூட இருந்தா மெயின் தண்ணி வால்வு எங்க, கேஸ் வால்வு எங்க, ஃபில்டர் எப்படி மாத்துறதுன்னு காட்டுவார், ரிப்போர்ட்ல எதை சீரியஸா எடுத்துக்கணும்னு அவர் பேச்சுலயே புரியும்.

6. அவரே ரிப்பேரும் பண்ணித் தர்றேன்னு சொன்னா விலகிடுங்க. ஆஷி, இன்டர்நாச்சி ரெண்டோட நெறிமுறையும் இன்ஸ்பெக்ட் பண்ணின வீட்டுல ஒரு வருஷத்துக்குக் காசு வாங்கி ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு சொல்லுது.

7. இன்சூரன்ஸ். தொழில் பிழைக்கான இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்கணும். டெக்சாஸ்ல குறைஞ்சது 1,00,000 டாலருக்கு இருக்கணும்னு விதி. எல்லா மாநிலத்துலயும் கட்டாயம் கிடையாது.

நம்ம சமையலுக்குன்னு ஒண்ணு தனியா கேட்டுக்கோங்க, அடுப்புக்கு மேல இருக்கிற ஹூட் காத்தை வெளியே தள்ளுதா இல்ல உறிஞ்சி மறுபடி கிச்சனுக்குள்ளயே விடுதான்னு. நிறைய வீட்டுல மைக்ரோவேவோட சேர்ந்த ஃபேன்தான், ஃபில்டர் வழியா போய் மறுபடி முகத்துலயே அடிக்கும். தினமும் தாளிக்கிற வீட்டுக்கு அது பத்தாது, வெளிச்சுவத்துல இல்லாத அடுப்புன்னா பிறகு டக்ட் போடுறது சுலபமில்ல. ரிப்போர்ட்ல இது ஒரு ஓரமா இருக்கும், வாயால கேட்டாதான் தெளிவா தெரியும்.

ரிப்போர்ட் வந்ததும் என்ன பண்றது

முதல்ல பயப்படாதீங்க. டெக்சாஸ் ரிப்போர்ட்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பார்த்தாச்சு, பார்க்கல, இல்ல, குறை இருக்குன்னு நாலு கட்டம். வீடு கட்டின காலத்துல சரியா இருந்த விஷயமா இருந்தாலும் இன்னைக்கு பாதுகாப்பு முறைக்கு ஒத்து வரலைன்னா இன்ஸ்பெக்டர் குறைன்னு டிக் பண்ணணும். அதனால 1985 வீட்டுல நாப்பது குறை வர்றது இயல்பு. பாத்ரூம்ல ஷாக் அடிக்காம தடுக்கிற ஜிஎஃப்சிஐ பிளக் இல்லைங்கிறதுக்கும் ஃபவுண்டேஷன் நகர்ந்திருக்குங்கிறதுக்கும் ஒரே டிக்தான்.

பிரிக்கும்போது இப்படிப் பிரிங்க. உயிருக்கு ஆபத்து, தண்ணி, ஃபவுண்டேஷன், பெரிய மெஷின், இந்த நாலுல வர்றதை மட்டும் பேரத்துக்கு எடுங்க. 1950-கள்லருந்து 1980-கள் வரைக்கும் நிறைய வீட்டுல வெச்ச ஃபெடரல் பசிபிக் ஸ்டாப்-லாக் பேனல்ல ஓவர்லோடு ஆனாலும் பிரேக்கர் ட்ரிப் ஆகாம போறது தெரிஞ்ச பிரச்சனை, சில இன்சூரன்ஸ் கம்பெனி அந்த வீட்டுக்குப் பாலிசியே தராது, மாத்த சில ஆயிரம் டாலர். 1978-லருந்து 1995 வரைக்கும் போட்ட பாலிபியூட்டிலீன்ங்கிற சாம்பல் நிறத் தண்ணிக் குழாயும் அப்படித்தான். வாட்டர் ஹீட்டர் பொதுவா 8-லருந்து 12 வருஷம் ஓடும், சீரியல் நம்பர்லயே எந்த வருஷத்து மெஷின்னு தெரிஞ்சுடும். லூஸான கைப்பிடி, உடைஞ்ச ஸ்விட்ச் கவர் இதையெல்லாம் கேட்டா விக்கிறவர் எரிச்சலாகி முக்கியமானதையும் குடுக்க மாட்டார்.

ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு கேட்கிறதை விட க்ளோசிங்ல, அதாவது வீடு கைமாறுற அன்னிக்கு, கிரெடிட்டா (நம்ம கட்ட வேண்டியதுல குறைச்சுக்கிற தொகை) கேட்கிறது பெரும்பாலும் நல்லது. வீட்டை விட்டுப் போறவர் மலிவான ஆளை வெச்சுதான் முடிப்பார், அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்ல. கிரெடிட்டுக்கு லோன்ல ஒரு வரம்பு உண்டு, டவுன் பேமென்ட் 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கிற கன்வென்ஷனல் லோன்ல (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண லோன்) விலையில 3 சதவீதம், எஃப்ஹெச்ஏல 6 சதவீதம், அதனால தொகையை எழுதுறதுக்கு முன்னாடி லோன் ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ரிப்பேர்தான்னு முடிவானா லைசென்ஸ் உள்ள ஆள் பண்ணணும், பில் வேணும்னு எழுத்துல போடுங்க, அதே இன்ஸ்பெக்டரை மறுபடி கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க, 100-லருந்து 200 டாலர் ஆகும். க்ளோசிங்குக்கு முந்தின நாள் ஏஜென்டோட போய்ச் சுத்திப் பார்க்கிறது அதுக்கு ஈடாகாது.

புது வீட்டுக்கும் வேணுமா

வேணும். பில்டர்கிட்ட வாங்குறவங்க நிறைய பேர் "புதுசுதானே, சிட்டி பார்த்துட்டாங்களே"ன்னு விட்டுடுறாங்க. நல்ல வழி மூணு கட்டமா பார்க்கிறது: கான்க்ரீட் ஊத்துறதுக்கு முன்னாடி, உள்சுவர் பலகையை மூடுறதுக்கு முன்னாடி, முடிச்ச பிறகு. நடுவுல இருக்கிறதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா வயர், குழாய், டக்ட், மரச்சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியுற கடைசி நாள் அது, குழாய் போட இடம் வேணும்னு சட்டத்தையே பாதி வெட்டியிருப்பாங்க, பலகை மூடினா யாருக்கும் தெரியாது. உங்க இன்ஸ்பெக்டரை உள்ள விட அனுமதி உண்டான்னு பில்டர் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பாருங்க, பிறகு கேட்டா அவங்க இஷ்டம்தான்.

குடிபோன பிறகு 11-வது மாசம் ஒரு இன்ஸ்பெக்ஷன் பண்ணுங்க. பில்டர் வாரண்டி பெரும்பாலும் வேலைத்தரத்துக்கு 1 வருஷம், வயரிங் பிளம்பிங் மாதிரி சிஸ்டத்துக்கு 2 வருஷம், வீட்டோட கட்டமைப்புக்கு 10 வருஷம்னு இருக்கும். முதல் வருஷம் முடிஞ்சா டைல் விரிசல், ஜன்னல் ஓரத்துல ஒழுகல், ஒரு ரூம்ல மட்டும் ஏசி காத்து வராததுன்னு எல்லாம் உங்க செலவு. ரிப்போர்ட்டை வாரண்டி முடியற தேதிக்கு முன்னாடி பில்டருக்கு எழுத்துல, போட்டோவோட, தேதி பதிவாகுற மாதிரி அனுப்புங்க; சைட் சூப்பர்வைசர்கிட்ட போன்ல சொன்னது அப்புறம் கணக்குல வராது.